மகள் சாப்பாட்டைக் குறைக்கிறாளா? போனைப் பிடுங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

போன வருடம் ஆடி மாதம், என் மகளின் ஸ்கூல் பையைத் துவைக்க எடுத்தபோது அடியில் ஒரு பாலிதீன் கவர் கிடைத்தது. உள்ளே மூன்று நாள் தயிர் சாதம், புளித்து நீர்விட்டுப் போயிருந்தது. டப்பா மட்டும் தினமும் காலியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது, நானும் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது 15 வயது. அன்று ராத்திரி அவள் போனைத் திறந்து பார்த்தால் இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாத இடுப்புகள், கழுத்தெலும்புகள், 'ஒரு நாளில் நான் சாப்பிடுவது இவ்வளவுதான்' என்று தட்டைக் காட்டும் பெண்கள், இவைதான் வரிசையாக வந்தன. பயத்தில் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. போன் போனதும் என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். தோழியின் போனில் அதே வீடியோக்களைப் பார்த்தாள். சாப்பாடு இன்னும் குறைந்தது. போனைப் பற்றிய சண்டையிலேயே இரண்டு மாதம் ஓடிப்போக, அவள் உடம்பு என்ன நிலையில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் அந்த இரண்டு மாதம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். முதலில் உடம்பு, அடுத்து மனநல டாக்டர், போன் அதற்கும் அப்புறம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

நாங்கள் திருச்சிக்காரர்கள். இங்கே நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதுதான் இது, தமிழ்நாட்டில் மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மகள் இதைப் படித்துப் பார்த்தாள், இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். எடை, இடுப்பளவு, கலோரி எண் எதையும் போட வேண்டாம் என்றதும் அவள்தான். இதே கஷ்டத்தில் இருக்கிற ஒரு பெண் இதைப் படித்தால் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வாளாம்.

1. இந்த வாரமே உடம்பைப் பரிசோதியுங்கள்

வீட்டில் கவனிக்க வேண்டியவை: மாதவிலக்கு மூன்று மாதமாக வராமல் இருப்பது, எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது, வெயில் காலத்திலும் குளிருகிறது என்று போர்த்திக்கொள்வது, தலைமுடி கொத்துக் கொத்தாக வருவது, சாப்பிட்ட உடனே பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நேரமாக்குவது, கை விரல் முட்டியில் காய்ப்பு. அடிக்கடி வாந்தி எடுக்கிற பிள்ளைக்குப் பல் பட்டு அந்த இடத்தில் தழும்பு விழும். என் மகளிடம் முதல் மூன்றும் இருந்தன. பரீட்சை டென்ஷன், ரத்தசோகை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

குழந்தை மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ போனால் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம்; ஒரு இ.சி.ஜி.; ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின், தைராய்டு. இதில் பொட்டாசியத்தை விட்டுவிடக் கூடாது. அது குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், வெளியே பார்த்தால் பிள்ளை நன்றாக இருப்பதுபோலவே இருக்கும்.

மயக்கம் போட்டு விழுந்தாலோ, நெஞ்சு படபடக்கிறது என்றாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, பகலில் விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தாலோ, ஓ.பி.க்குக் காத்திருக்காதீர்கள். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108. சாகப் போகிறேன் என்கிற மாதிரி எதைச் சொன்னாலும் இதே வேகம்தான்.

ஒரு எச்சரிக்கை. பல நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்குப் பாசத்தில் ஒரே நாளில் நெய்யும் முட்டையும் பிரியாணியுமாகக் கொடுக்காதீர்கள். காய்ந்து கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவில் ஆரம்பிப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

இன்னொன்று, பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு) அட்டவணையை வைத்து பிள்ளையை மதிப்பிடாதீர்கள். 18 வயது வரை வயதுக்கும் ஆண், பெண்ணுக்கும் தனித்தனி வளர்ச்சி அட்டவணை இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்டது, குழந்தை மருத்துவர்களிடம் இருக்கும். எடை 'நார்மல்' என்பதால் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்பி வந்துவிடாதீர்கள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்த பிள்ளை வேகமாக இளைத்தாலும் இதே ஆபத்துகள் உண்டு, சுற்றியிருப்பவர்கள் பாராட்டுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாங்கள் முதலில் பார்த்த டாக்டர் 'வயசுப் பிள்ளைங்க டயட் இருக்கத்தான் செய்யும், டானிக் கொடுங்க' என்று அனுப்பிவிட்டார். டப்பா கதையையும் மாதவிலக்கு நின்றதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வேறொருவரிடம் போன பிறகுதான் நாடியே பார்த்தார்கள். நீங்களும் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளை முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

2. மனநல டாக்டர் எங்கே

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், இலவசம். நான் ராத்திரி 11 மணிக்கு மொட்டை மாடியிலிருந்து பேசினேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கும். காலையில் 8 மணிக்கு முன்பே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். குழந்தைகளைப் பார்க்க சில இடங்களில் தனிக் கிழமை வைத்திருப்பார்கள், எந்தக் கிழமை என்று முதல் நாளே கேட்டுவிட்டால் பிள்ளையின் ஒரு நாள் பள்ளி மிஞ்சும். மருத்துவக் கல்லூரி தூரமென்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் தாலுகா மருத்துவமனைகளுக்கு முறை வைத்து வருவார், பக்கத்து அரசு மருத்துவமனையில் தேதி கேளுங்கள். பெரிய இடம் வேண்டுமென்றால் வேலூர் சி.எம்.சி.யில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநலப் பிரிவு தனியாகவே இருக்கிறது, பெங்களூரு நிம்ஹான்ஸிலும் உண்டு. இரண்டு இடத்திலும் தங்கிப் பார்க்கிற மாதிரிதான் கிளம்ப வேண்டும்.

ஆட்களைப் பற்றி ஒரு தெளிவு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், உட்காரவைத்துப் பேசிச் சிகிச்சை தருவார். இவர்களுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கூசாமல் கேளுங்கள், முறையாகப் படித்தவர் கோபப்படமாட்டார். ஆறு வாரக் கோர்ஸ் முடித்துவிட்டு 'டீன் கவுன்சிலர்' என்று போர்டு மாட்டியிருந்த ஒருவரிடம் நான்கு வாரம் பணம் கொடுத்தோம். தினமும் கண்ணாடி முன் நின்று 'நான் அழகாக இருக்கிறேன்' என்று பத்து தடவை சொல்லச் சொன்னார். கண்ணாடியிலிருந்து நகர முடியாமல்தான் என் பிள்ளை தவித்துக்கொண்டிருந்தாள்.

ஜிம்மில் 'டயட் சார்ட்' எழுதிக்கொடுப்பவரிடம் இந்த நேரத்தில் போகவே போகாதீர்கள். மனநல டாக்டரோடு சேர்ந்து வேலை செய்யும் உணவியல் நிபுணர் மருத்துவமனையிலேயே இருப்பார்.

'இத்தனை வீடியோவை நிறுத்தினால் சரியாகிவிடும், இதற்குப் போய் மனநல டாக்டரா' என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்வார்கள். என் மாமியார் சொன்னார். வீடியோ தூண்டிவிட்டிருக்கலாம், ஆனால் பட்டினி ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் அது தனி நோய், தானாக நிற்பதில்லை. அவரையே ஒரு முறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், அதற்குப் பிறகு தினமும் மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்தான்.

3. ஒரு ஃபைல் போடுங்கள்

முதல் நாளே ஒரு ப்ளாஸ்டிக் ஃபைல் வாங்கித் தேதி வரிசையில் எல்லாவற்றையும் அடுக்குங்கள்: மகளின் ஆதார் நகல், உங்கள் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், ஓ.பி. சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இ.சி.ஜி. தாள் (சூட்டில் அச்சாகும் அந்தத் தாள் நாளாக ஆக மங்கிவிடும், உடனே ஜெராக்ஸ் எடுங்கள்), மருந்துச் சீட்டு, பில்கள். மாதவிலக்குத் தேதிகளை ஒரு தாளில். ஏற்கெனவே பழைய போட்டோக்களும் பள்ளியில் எடுத்த உயரம், எடைக் குறிப்பும் இருந்தால் டாக்டருக்கு ரொம்ப உதவும், எப்போதிலிருந்து இளைத்தாள் என்பது அதில்தான் தெரியும்.

18 வயதுக்குக் கீழே என்பதால் சிகிச்சைக்கான கையெழுத்து பெற்றோருடையது. தாத்தா பாட்டியோ சித்தியோ கூட்டிப்போவதாக இருந்தால் நீங்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனநலப் பிரிவில் உள்நோயாளியாகச் சேர்க்கவேண்டி வந்தால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிறுவர் சிறுமிகளைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, வீட்டிலிருந்து ஒருவர் கூடவே தங்க வேண்டும். பெண் பிள்ளைக்கு அந்தத் துணை பெண்ணாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு லீவு கிடைக்காத வீடுகளில் யார் தங்குவது என்று முன்பே பேசிவையுங்கள்.

4. எவ்வளவு ஆகும்

அரசு மருத்துவமனையில் டாக்டர், பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம், பஸ் செலவும் உங்கள் ஒரு நாள் கூலியும்தான். நாங்கள் பாதி அரசு, பாதி தனியார் என்று போனோம். தனியாரில் எங்களுக்கு ஆனது: மனநல மருத்துவருக்கு முதல் முறை 800 ரூபாய், அப்புறம் 500, உளவியலாளருக்கு ஒரு அமர்வு 1,200, வாரம் ஒன்று, ரத்தப் பரிசோதனை முழுவதும் ஒரு தடவைக்கு 2,400. முதல் மூன்று மாதத்தில் சுமார் 26,000 ரூபாய் போயிற்று. பரிசோதனைகளை அரசு மருத்துவமனையிலும் பேச்சுச் சிகிச்சையைத் தனியாரிலும் வைத்துக்கொண்டிருந்தால் இதில் கணிசமாகக் குறைந்திருக்கும்.

மருத்துவக் காப்பீடு இருந்தால்: உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டுமே பணம் தரும், ஓ.பி. செலவு வராது. சேர்க்கும் நாளிலேயே காப்பீட்டு உதவி மேசையில் சொல்லிவிடுங்கள்.

5. இப்போது போன்

டாக்டரைப் பார்த்து, சாப்பாடு ஓரளவு ஒழுங்குக்கு வந்த பிறகு, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள். திருட்டுத்தனமாகச் செய்தால் இன்னொரு கணக்கு முளைக்கும். என் மகளுக்கு மூன்று இருந்தன.

முதலில் பிறந்த தேதி. இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 'டீன் அக்கவுன்ட்' என்ற பாதுகாப்பான அமைப்பு தானாகவே வரும், இந்தியாவில் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்தார்கள். கணக்கு பூட்டியே இருக்கும், தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, தினம் 60 நிமிடம் ஆனதும் வெளியே வரச் சொல்லும், இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் வராது. 16 வயதுக்குக் கீழே என்றால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். எல்லாம் சரி, ஆனால் பிள்ளைகள் கணக்குத் தொடங்கும்போது பிறந்த வருடத்தைத் தள்ளிப் போட்டிருப்பார்கள். என் மகள் இன்ஸ்டாகிராம் கணக்குப்படி 23 வயதுப் பெண். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் சென்டர் போய்த் தனிப்பட்ட விவரங்களில் பிறந்த தேதியைச் சரியாக மாற்றுங்கள். மெனுவின் பெயர்கள் அவ்வப்போது இடம் மாறும், தேடும் கட்டத்தில் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, மேற்பார்வை வசதியில் உங்கள் கணக்கையும் அவள் கணக்கையும் இணைக்கலாம். எவ்வளவு நேரம் பார்க்கிறாள், கடைசி 7 நாளில் யாருக்கு மெசேஜ் அனுப்பினாள் என்பது தெரியும், என்ன பேசினாள் என்பது தெரியாது. அது போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தச் செயலிகள் எந்த வீடியோவில் விரல் நிற்கிறதோ அதே மாதிரி இன்னும் பத்தைக் கொண்டுவந்து கொட்டும். பிடிக்காமல், அழுதுகொண்டே பார்த்தாலும் அதற்கு ஒன்றுதான். உள்ளடக்க விருப்பங்கள் பகுதியில் பரிந்துரைகளை முதலிலிருந்து தொடங்கும் வசதி இருக்கிறது, அதை அழுத்தினால் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று செயலி போட்டுவைத்த பழைய கணிப்பெல்லாம் அழிந்துவிடும். ஆனால் அவள் பின்தொடரும் கணக்குகள் அப்படியே இருக்கும், அதனால் முதலில் அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக 'இதைப் பார்த்தால் உனக்கு எப்படி இருக்கிறது' என்று கேளுங்கள். நீங்கள் நீக்காதீர்கள், அவளே நீக்கட்டும். எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க ஆயிற்று. ஒரு பெண்ணின் கணக்கு வந்ததும் விரல் அப்படியே நின்றுவிட்டது. 'இவ அக்கா மாதிரி பேசுவாம்மா' என்றாள். அந்தக் கணக்கில் இருந்ததெல்லாம் பட்டினியும் தலைகீழாகத் திருப்பிப் பிடித்த தராசும்தான். அன்று அதை விட்டுவிட்டோம். மூன்று வாரம் கழித்து அவளே நீக்கிவிட்டு வந்து சொன்னாள். மறைக்கும் சொற்கள் பகுதியில் டயட், வெயிட் லாஸ், கலோரி, ஜாலைன், தொப்பை, கலர் ஆவது எப்படி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தங்கிலீஷிலும் சேர்த்துவிடுங்கள்.

யூடியூபில் பார்த்தவை, தேடியவை இரண்டின் வரலாற்றையும் அழித்துவிட்டு, வரலாறு சேர்வதையே நிறுத்தி வையுங்கள். முகப்புப் பக்கம் காலியாகிவிடும், வேண்டியதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஸ்நாப்சாட்டில் மூக்கைக் குறுக்கி, தாடையை இழுத்து, நிறத்தை ஏற்றும் ஃபில்டர்கள் பற்றித் தனியாகப் பேசுங்கள். மாதக்கணக்கில் அந்த முகத்தையே பார்த்துவிட்டு பாத்ரூம் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும்போது அது யாரோ மாதிரி இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள்.

அவளுடைய படத்தை வைத்து யாராவது கேலி செய்தாலோ, மாற்றி ஆபாசமாகப் போட்டாலோ, அழிப்பதற்கு முன்னால் ஸ்க்ரீன்ஷாட், லிங்க், தேதி எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி உண்டு, 1930க்கும் அழைக்கலாம், குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ஆபாசப் படத்தை மட்டும் நீங்களே யாருக்கும் ஃபார்வேர்ட் செய்யாதீர்கள், ஆதாரம் காட்டக்கூட. பிள்ளைகளின் ஆபாசப் படத்தைப் பகிர்வதே சட்டப்படி குற்றம்.

6. அலமாரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

உடம்பு இளைப்பதோடு நிறம் ஏறும் ஆசையும் சேர்ந்தே வரும். ரீல்ஸ் பார்த்து வாங்கிய க்ரீம் டப்பாக்களை எடுத்து வெளிச்சத்தில் படியுங்கள். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண் இல்லாத எதையும் தொட வேண்டாம். இந்தியாவில் அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்க்கத் தடை இருந்தும் திருட்டுத்தனமாக வருகிறது. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்கு அடுத்தடுத்து சிறுநீரக நோய் வந்தது, அவர்களில் 14 வயதுச் சிறுமியும் ஒருத்தி. பூசியிருந்தாள் என்றால் முகம், கால் வீக்கம், சிறுநீர் நுரைப்பது இவற்றைக் கவனித்துச் சிறுநீர்ப் பரிசோதனை எடுங்கள்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் வெளுப்பு ஆயின்மென்ட்களில் க்ளோபெடசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. தோலை மெலியவைத்துவிடும், நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும், அதனால் தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள். பார்லரில் போடும் குளுட்டதயோன் ஊசி வெளுப்புக்காக அனுமதிக்கப்பட்டதே இல்லை.

7. பள்ளிக்கூடம்

வகுப்பாசிரியரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள், ஊருக்கே சொல்ல வேண்டாம். நான் கேட்டது மூன்று: மதியச் சாப்பாட்டின்போது ஒரு டீச்சர் அருகில் இருப்பது, டாக்டர் சொல்லும் வரை பி.டி. வகுப்பில் ஓடவிடாமல் இருப்பது, எல்லார் முன்னிலும் எடை பார்த்துச் சத்தமாக வாசிப்பதை நிறுத்துவது. மூன்றாவதற்குத்தான் பி.டி. சாரிடம் நிறையப் பேச வேண்டியிருந்தது.

மருத்துவச் சான்றிதழை அன்றன்றைக்கே வாங்கிவிடுங்கள், பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள். அதில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும், நோயின் பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம், 'மருத்துவ ஓய்வு தேவை' என்பது போதும். சி.பி.எஸ்.இ.யில் பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும், குறைந்தால் மருத்துவக் காரணத்துக்கு விலக்குக் கேட்க இந்தச் சான்றிதழ்கள்தான் ஆதாரம். கடைசி நேரத்தில் அலைவதைவிட டிசம்பரிலேயே வருகை நாளைக் கணக்குப் பார்த்துவிடுங்கள்.

8. எத்தனை நாள்

டாக்டர் முதல் நாளே சொன்னார், மாதக்கணக்கில் ஆகும் என்று. எங்களுக்கு மயக்கம் நிற்க மூன்று வாரம், மாதவிலக்கு திரும்ப ஐந்து மாதம், பரிமாறும்போது அழாமல் இருக்க அதற்கும் மேல். முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு முறை எடையும் நாடியும் பார்த்தார்கள், எடை பார்க்கும்போது எண் அவளுக்குத் தெரியாதபடி திரும்பி நிற்கச் சொல்வார்கள். வீட்டுத் தராசைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டோம்.

அதே நாட்களில் வீட்டில் நான் என் இடுப்பைப் பற்றிப் புலம்புவதை நிறுத்தினேன். என் கணவர் 'கொஞ்சம் கறுத்துட்டியே' என்று வேடிக்கைக்குச் சொல்வதை நிறுத்தினார். கல்யாண வீட்டில் 'ஸ்லிம்மாயிட்டியே, சூப்பர்' என்று சொல்ல வருகிற அத்தை, சித்திகளுக்கு முன்கூட்டியே போன் போட்டு, அவள் உடம்பைப் பற்றி நல்லதும் சொல்லாதீர்கள், கெட்டதும் சொல்லாதீர்கள், படிப்பைக் கேளுங்கள், பாட்டைக் கேளுங்கள் என்றேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

தேறிய பிறகும் முதல் ஒரு வருடத்துக்கு ஃபைலை மூட வேண்டாம். புது வகுப்பு, காய்ச்சல், கல்யாணத்துக்குப் பாவாடை தாவணி தைப்பது, இந்த மாதிரி நேரங்களில் பழையது எட்டிப் பார்க்கும். டப்பா மறுபடி காலியாக வந்தால் பையின் அடியைப் பார்த்துவிட்டு, சண்டை போடாமல், மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.